போலந்துக்குப் போன வருகைப்பதிவு

கல்லூரியின் பொருட்டு, கல்லூரி முதல்வர் அனுப்பி வெளியே செல்லும் மாணவர், அந்த நாட்களில் வகுப்பில் இருந்ததாகவே கணக்கில் கொள்ளப்பட வேண்டும். இது விதி. ஒரு பல்கலைக்கழகத்தின் தேர்வுப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்து அங்கேயே ஓய்வு பெற்றவன் நான். கபடி ஆடப் போனவனுக்கும், ரத்ததான முகாமில் நாற்காலி போடப் போனவனுக்கும், குடியரசு தின அணிவகுப்புக்குப் போய்க் காலில் கொப்புளத்தோடு வந்தவளுக்கும் இந்த விதியைப் பார்த்துக் குறிப்பு எழுதியிருக்கிறேன். உருளைக்கிழங்கு வேகவைக்கப் போன மாணவிக்கு இது பொருந்துமா என்று என் பணிக்காலத்தில் எந்தக் கல்லூரியும் கேட்டதில்லை. ஓய்வு பெற்ற பிறகுதான் கேட்டார்கள். மாணவி என் மகள்.

எங்களுக்குத் தாமதமாகப் பிறந்த ஒரே பெண். பூர்வீகம் பள்ளிப்பட்டுப் பக்கம் என்பதால் என்னை நைனா என்றுதான் கூப்பிடுவாள். திருவள்ளூரில் தேரடிக்குப் பக்கத்தில் வீடு. கும்மிடிப்பூண்டியைத் தாண்டி உள்ள ஒரு பொறியியல் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு மெக்கானிக்கல் படித்தாள். விடிந்தும் விடியாமலும் கல்லூரிப் பேருந்து வந்துவிடும். பெரியபாளையம் தாண்டும் வரை தூங்குவாள். அதன்பிறகு ரெக்கார்டு நோட்டு எழுதுவாள். அவளுடைய படங்களில் கோடுகள் சற்று ஆடியிருந்தால் அது கும்மிடிப்பூண்டிச் சாலையின் குறை, கையின் குறையல்ல.

இரண்டாம் ஆண்டில் ஒருநாள் சாப்பிட உட்கார்ந்தவள், உலகத்தில் எத்தனையோ நாடுகள் இருக்க நம் வீட்டில் இட்லி, தோசை, உப்புமா என்று மூன்றே நாடுகள்தான் இருக்கின்றன என்றாள். அடுத்த வாரத்திலிருந்து வாரம் ஒரு நாடு. அந்த நாட்டு மக்கள் தங்கள் வீட்டில் சாப்பிடும் ஒரு பதார்த்தம். பொருட்கள் முடிந்த மட்டும் திருவள்ளூர்க் கடைத்தெருவில் கிடைப்பவை. இதுதான் திட்டம். ஆறு மாதத்தில் அலுத்துவிடும் என்று நான் மதிப்பிட்டேன். அரசு மதிப்பீடுகளைப் போலவே அதுவும் பிழையானது.

முதலில் நாடுகளை அகர வரிசையில் எடுத்துக்கொண்டாள். அந்த வரிசை என் மனைவியின் விரத நாட்களில் மோதி உடைந்தது. சனிக்கிழமை பெருமாளுக்கு, கிருத்திகை திருத்தணி முருகனுக்கு, அமாவாசை முன்னோர்களுக்கு. புரட்டாசி வந்தால் மாதம் முழுவதும் வீட்டில் முட்டை கூட நுழையாது. மாட்டிறைச்சி எந்தக் கிழமையிலும் கிடையாது. ஆகவே உலக நாடுகள் எங்கள் வீட்டுத் தினசரி நாட்காட்டிப்படி திருத்தி அமைக்கப்பட்டன. கறி தின்னும் நாடுகளுக்கு விரதமில்லாத ஞாயிற்றுக்கிழமைகள். மொசாம்பிக்குக்குப் பழவேற்காட்டு இறால் வந்தது ஒரு தை ஞாயிற்றில். எத்தியோப்பியர்கள் தங்கள் விரத நாட்களில் சைவம் சாப்பிடுகிறார்கள் என்று படித்த அன்று, என் மகள் அந்த நாட்டையே புரட்டாசிக்கு ஒதுக்கிவிட்டாள். கேழ்வரகு மாவைப் புளிக்க வைத்து அகலமாக ஊற்றி, கடலைமாவில் ஒரு குழம்பு வைத்தாள்.

"இன்னாடி இது, புளிச்ச தோசைக்கு பஜ்ஜி மாவைக் கரைச்சி ஊத்தி வெச்சிருக்க?" என்றாள் என் மனைவி.

"எத்தியோப்பியாம்மா."

"அவங்களும் புரட்டாசி புடிக்கிறாங்களா?"

"அவங்க வருஷத்துல பாதி நாள் புடிக்கிறாங்க."

"அப்ப நல்ல ஜனங்கதான்" என்று சொல்லி இன்னொரு தோசை போட்டுக்கொண்டாள். எத்தியோப்பியா எங்கள் வீட்டில் அங்கீகாரம் பெற்றது.

திங்கட்கிழமைகளில் மிச்சம் ஒரு ஹாட் பாக்ஸில் கல்லூரிக்குப் போகும். பேருந்து ஓட்டுநர்தான் முதல் பரிசோதகர். "இன்னா பாப்பா, இன்னிக்கி எந்த நாடு?" என்று கேட்டுவிட்டுத்தான் கியர் போடுவார். அவர் மதிப்பெண் இரண்டே வகை: "உப்பு கம்மி" அல்லது "தேறும்". ஐஸ்லாந்துக்குத் தேறும் கிடைத்தது. பிரான்ஸ் இரண்டு முறை எழுதியும் தேறவில்லை.

இதற்கிடையில் படிப்பும் நடந்தது. சமையலால் மதிப்பெண் குறைந்ததா என்று கேட்பவர்களுக்காகச் சொல்கிறேன்: குறையவில்லை. தேர்வு வாரங்களில் அவள் வெங்காயமே தேவைப்படாத நாடுகளாகப் பார்த்து எடுத்துக்கொள்வாள். அவ்வளவுதான்.

மூன்றாம் ஆண்டின் புரட்டாசியில் விவகாரம் ஆரம்பித்தது. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலைக்குப் புது இயந்திரம் வந்திருந்தது. அதைப் பொருத்தப் போலந்து நாட்டிலிருந்து நான்கு பொறியாளர்கள் வந்திருந்தார்கள். காரம் அவர்களுக்கு ஆகவில்லை. காலை நாஷ்டாவுக்கு வாழைப்பழம், மதியம் பிஸ்கட், ராத்திரி மறுபடி வாழைப்பழம். மனிதர்கள் இளைத்துக்கொண்டே போனார்கள், இயந்திரமும் ஓடவில்லை. அந்தத் தொழிற்சாலை மேலாளர், கல்லூரியோடு பயிற்சி ஒப்பந்தம் பேச வந்த இடத்தில் இதைச் சொல்லிப் புலம்பியிருக்கிறார். கல்லூரி முதல்வர் ஒப்பந்தத்தின் மீது கண்ணாக இருந்தவர். "எங்க ஸ்டூடண்ட் ஒருத்தி உலகம் பூரா சமைப்பா சார்" என்று அங்கேயே சொல்லி, என் மகளை வகுப்பிலிருந்து வரவழைத்துவிட்டார்.

அவள் ஒப்புக்கொண்டாள். போலந்து அவள் கணக்கில் இன்னும் பாக்கியிருந்தது. பியரோகி என்று ஒரு பண்டம். பார்த்தால் நம் சோமாசு, தொட்டால் நம் கொழுக்கட்டை. உள்ளே மசித்த உருளைக்கிழங்கு, வதக்கிய வெங்காயம், பால் திரித்த கட்டி. முட்டை இல்லை, கறி இல்லை, புரட்டாசிக்கு ஏற்றது. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் செய்து, திங்கட்கிழமை கல்லூரி போகும் வழியில் தொழிற்சாலை வாசலில் கொடுத்துவிடுவதாக ஏற்பாடு. ஒரு வகுப்பு கூடப் போகாது. நானே நேரத்தைப் போட்டுப் பார்த்து ஒப்புதல் அளித்தேன்.

ஏற்பாடு பாலில் வந்து நின்றது. அடுப்பில் பால் பொங்கும்போது மகள் எலுமிச்சையை நறுக்கிக்கொண்டு வந்ததை என் மனைவி பார்த்துவிட்டாள்.

"அத்த எதுக்கு எடுத்துக்கினு வர?"

"பாலைத் திரிய வெக்கணும்மா."

"நல்ல பாலையா? புரட்டாசி மாசத்துல, வெளக்கு ஏத்தி வெச்சிருக்கிற ஊட்ல, நீயா திரிய வெப்பியா? தானா திரிஞ்சாலே நான் ரெண்டு நாளிக்கி மனசு ஆறாம திரியறேன்."

"பன்னீர் மட்டும் சாப்பிடறியே, அது திரிஞ்ச பால்தானே?"

"அது கடையில திரிஞ்சது. கடைக்காரன் பாவம் கடைக்காரனோட."

கடைப் பன்னீரைப் போட்டுப் பார்த்தாள். ரப்பர் போல இருந்தது, உருளைக்கிழங்கோடு சேரவில்லை. என் மனைவியோ அடுப்பை விட்டு அசையவில்லை. நான் தீர்ப்புச் சொல்லும் நிலையில் இல்லை. இந்த வீட்டில் எனக்கு ஆலோசனை அதிகாரம் மட்டுமே. கடைசியில் மகளே ஒரு வழி கண்டாள். தொழிற்சாலை கேன்டீனில் பாலைத் திரிப்பது. அங்கே விளக்கு ஏற்றவில்லை. தோஷம் இருந்தால் கம்பெனிக்குப் போகட்டும். என் மனைவிக்கும் அது நியாயமாகவே பட்டது.

ஆனால் கேன்டீன் ஞாயிற்றுக்கிழமை இயங்காது. வேலை நாளில்தான் போக வேண்டும். முதல்வரிடம் கேட்டாள். "தாராளமா போம்மா, ஓ.டி. போட்டுக்கலாம்" என்றார். ஓ.டி. என்பது கல்லூரி வேலையாகப் போனதற்கான வருகைக் கணக்கு. வாய்மொழி உத்தரவுக்கு எழுத்து மூலம் உறுதி வாங்கு என்று நான் அன்று இரவே சொன்னேன். "முதல்வர் கிட்ட போயி எழுதிக் குடுங்கன்னு கேட்டா நல்லாவா இருக்கும் நைனா?" என்றாள். நல்லா இருக்காதுதான். அதனால்தான் அதற்கென்று விதி வைத்திருக்கிறார்கள்.

ஒருநாள் வேலை என்று போனது ஒருநாளில் முடியவில்லை. முதல் நாள் பாலைத் திரித்துத் துணியில் கட்டித் தொங்கவிட்டாள். மறுநாள் மாவு பிசைந்து, வட்டம் போட்டு, பூரணம் வைத்து, ஓரம் மடித்து, கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்தாள். கேன்டீன் அண்டா ஒவ்வொன்றும் எங்கள் வீட்டுக் குளியலறை அளவு. தலையில் பிளாஸ்டிக் தொப்பி, காலில் இரும்பு வைத்த பாதுகாப்புக் காலணி. அது இல்லாமல் அந்த வளாகத்தில் கொழுக்கட்டை கூடப் பிடிக்க முடியாது.

நால்வரும் வந்து உட்கார்ந்தார்கள். மூத்தவர் ஒன்றை எடுத்துத் தின்றார், அடுத்ததையும் தின்றார். தட்டைக் காலி செய்துவிட்டு, தெரிந்த கொஞ்சம் ஆங்கிலத்தில் மாவு தடிமன் என்றார். இரண்டு விரலை நெருக்கிப் பிடித்து, இவ்வளவு மெல்லிசாக இருக்க வேண்டும் என்று காட்டினார். இளையவர் ஒருவர் வெங்காயம் இன்னும் சிவக்க வேண்டும் என்றார். மற்ற இருவரும் அந்த இருவரோடும் தங்கள் மொழியில் சண்டை போட்டார்கள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது அவள் முகத்தில் அப்படியொரு சந்தோஷம்.

"குறை சொன்னாங்களாமே, இன்னாத்துக்கு இளிக்கிற?" என்றாள் அம்மா.

"வாழப்பழத்த யாராச்சும் குறை சொல்வாங்களா? குறை சொன்னாங்கன்னா அது அவங்க ஊட்டுச் சாப்பாடுன்னு ஒத்துக்கினாங்கன்னு அர்த்தம்மா."

எத்தனையோ குறை மனுக்களைப் படித்தவன் நான். இந்தக் கோணத்தில் எனக்கு ஒருபோதும் தோன்றியதில்லை.

மேலாளர் முதல்வருக்குப் போன் போட்டார். முதல்வர் மறுபடி அனுப்பினார். பீட்ரூட் சூப், முட்டைக்கோஸ் வதக்கல், உருளைக்கிழங்கு அடை என்று இயந்திரம் ஓடும் வரை விட்டுவிட்டுப் போய்வந்தாள். ஒப்பந்தம் கையெழுத்தானது. கல்லூரி வாசலில் பெரிய பேனர். அதில் நான்கு போலந்துக்காரர்களுக்கு நடுவில் தலையில் பிளாஸ்டிக் தொப்பியோடு என் மகள். கீழே "எங்கள் கல்லூரியின் பெருமை" என்று எழுதியிருந்தது. பெருமையின் வருகைப்பதிவு எழுபத்தைந்து விழுக்காட்டுக்குக் கீழே இறங்கியிருந்தது யாருக்கும் தெரியவில்லை. தேர்வு நெருங்கியபோது பட்டியலை ஒட்டினார்கள். எழுதத் தகுதியில்லாதவர்களில் அவள் எண் இருந்தது. போலந்து நாட்களில் ஒன்றுக்குக் கூட ஓ.டி. ஏறவில்லை. விளையாட்டு, நாட்டு நலப்பணி, கலைவிழா இந்த மூன்றுக்குத்தான் கணினியில் இடமிருக்கிறதாம். தகுதியில்லை என்றால் அந்தப் பருவத்தையே அடுத்த ஆண்டு திரும்பப் படிக்க வேண்டும். ஒரு வருடம் போய்விடும்.

நான் துறைத் தலைவரைப் பார்க்கப் போனேன். நல்ல மனிதர். தேநீர் கொடுத்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"சார், நீங்களே இந்த லைன்ல இருந்தவரு. ஒரு மெடிக்கல் சர்டிபிகேட் குடுத்துடுங்க. காய்ச்சல்னு போட்டு, அபராதத்தக் கட்டிட்டா கருணை அடிப்படையில விட்டுடுவாங்க. மழைக்காலம், காய்ச்சல் வராதவன் யாரு?"

அது நடைமுறை. எனக்கும் தெரியும். சுலபமானது, எல்லோரும் செய்வது, யாரும் கேள்வி கேட்காதது. வீட்டுக்கு வந்து சொன்னேன். மகள் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டைத் தள்ளி வைத்தாள்.

"நான் அன்னிக்கி ஜுரத்துல படுத்துக்கினு இல்ல நைனா. வேலை செஞ்சேன்."

"அது எனக்குத் தெரியும். கணினிக்குத் தெரியாதே."

"தெரிய வைங்க. முப்பது வருஷம் அந்த எடத்துலதானே இருந்தீங்க?"

"ஒரு வருஷம் போனா போயிடுமேடி" என்றாள் என் மனைவி. "நான் அன்னிக்கி அந்தப் பாலைத் திரிக்க விட்டிருந்தா இந்தப் பேஜாரே இல்ல."

"விட்டிருந்தா நான் கேன்டீன் உள்ளயே போயிருக்க மாட்டேம்மா. வாசல்ல டப்பாவக் குடுத்துட்டு வந்திருப்பேன். நீ தடுத்ததே நல்லதாப் போச்சி."

அன்றிரவு மனுவை நான்தான் எழுதினேன். பொருள், பார்வை, இணைப்பு என்று முறைப்படி மூன்று பக்கம். முன்னுதாரணங்களைக் கூடக் காட்டியிருந்தேன். காலையில் அவள் அதைப் படித்தாள். பாதியிலேயே தனக்கே யார் பக்கம் நியாயம் என்று சந்தேகம் வந்துவிட்டதாகச் சொன்னாள். பேருந்தில் உட்கார்ந்து ஆறு வரி எழுதினாள்: இந்த நாட்களில் முதல்வர் அனுப்பி இந்த இடத்தில் இந்த வேலை செய்தேன், மேலாளரைக் கேட்கலாம், வாசலில் பேனர் இருக்கிறது, உடல்நலக் குறைவு எதுவும் இல்லை, கருணை கேட்கவில்லை, வருகை கேட்கிறேன். மரியாதைக்குரிய என்ற சொல்லை மட்டும் என் மனுவிலிருந்து எடுத்துக்கொண்டாள்.

மனுவை விசாரிக்கக் கல்லூரிக் குழு கூடிய நாளில் நானும் போனேன். பெற்றோருக்கு உள்ளே அனுமதி இல்லை. வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். ஏ.சி. வேலை செய்யாததால் கதவைத் திறந்து வைத்திருந்தார்கள். சில நன்மைகள் பராமரிப்புக் குறைவாலும் வருகின்றன.

"சமையல் எந்தப் பாடத்துலம்மா வருது?" என்று கேட்டார் வெளியிலிருந்து வந்திருந்த உறுப்பினர்.

"எதுலயும் வராது சார். காலேஜ்ல அனுப்பும்போது யாரும் அதக் கேக்கலையே" என்றாள் என் மகள்.

பிறகு முதல்வரின் குரல்.

"நான்தான் அனுப்பினேன். அது உண்மை. ஆனா ரூல்ஸ்ல..."

"ரூல்ஸ்ல சமைக்கப் போகக்கூடாதுன்னு இருக்குதா சார்?"

"இல்ல. போகலாம்னும் இல்ல."

"கபடி ஆடப் போனா குடுக்கறீங்க. கபடி எந்தப் பாடத்துல சார் வருது?"

யாரோ சிரித்தார்கள். துறைத் தலைவராக இருக்க வேண்டும். "மெடிக்கல் குடுத்துடும்மா, ஈசியா முடிஞ்சிடும்" என்றார் மறுபடியும். "இல்ல சார்" என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள். பெஞ்சில் உட்கார்ந்திருந்த எனக்கு முதுகு நிமிர்ந்தது. அந்த வயதில் எனக்கு யாராவது சுலபமான வழி ஒன்றைக் காட்டியிருந்தால், எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று மட்டும் கேட்டிருப்பேன்.

குழு தன் கடமையைச் செய்தது: முடிவெடுக்காமல் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பியது. இந்த இடத்தில் என் பணி அனுபவமும் ஒரு வேலைக்கு உதவியது. மேலிடத்து முடிவு நிலுவையில் இருக்கும்போது மாணவரைத் தற்காலிகமாகத் தேர்வு எழுத அனுமதிக்கலாம். மதிப்பெண்ணை மட்டும் நிறுத்தி வைக்க வேண்டும். அந்த நடைமுறையை ஒரு துண்டுத் தாளில் எழுதி முதல்வர் அறைக்குள் அனுப்பினேன். அதைப் படித்த முதல்வர் வெளியே வந்து என் கையைக் குலுக்கினார். பொறுப்பு தன் மேசையை விட்டு நகர்ந்த நிம்மதி அந்தக் கையில் தெரிந்தது.

எழுதினாள். தை மாதம் முடிவுகள் வந்தன. அவள் வகுப்பு முழுவதற்கும் மதிப்பெண். அவள் எண்ணுக்கு நேரே நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது என்று மட்டும். காப்பியடித்து மாட்டியவர்களுக்கும் அதே சொற்களைத்தான் போடுவார்கள். சொந்தக்காரர்கள் போனில் விசாரித்தார்கள்; என் மனைவி போனை எடுப்பதையே நிறுத்தினாள். மதிப்பெண் இல்லாமல் கோடைகாலப் பயிற்சிக்கு விண்ணப்பிக்க முடியாது. பதில் வரும் என்று காத்திருப்பவர்கள் பொதுவாக என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியும். அழுவார்கள், சிபாரிசுக்கு ஆள் தேடுவார்கள்; பிரிவு அலுவலகக் கவுன்டருக்கு அந்தப் பக்கத்திலிருந்து நிறையப் பார்த்திருக்கிறேன். இவள் அப்படி எதுவும் செய்யவில்லை. ருமேனியா செய்தாள். செனகல் செய்தாள். பராகுவேயின் சோள ரொட்டிக்கு ஓட்டுநர் தேறும் கொடுத்தார். ஒருநாள் மட்டும், பாத்திரம் துலக்கிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் கேட்டாள்.

"வராமயே போச்சின்னா நைனா?"

"ஒரு வருஷம் திரும்பப் படிக்கணும்."

"படிச்சிக்கிறேன்" என்றாள். குழாயை மூடிவிட்டு, "ஆனா ஜுரம்னு சொல்ல மாட்டேன்" என்றாள்.

பதில் கல்லூரிக்கு மின்னஞ்சலில் வந்தது. மகள் மதிய இடைவேளையில் போன் செய்தாள். பின்னால் ஒரே கூச்சல். வகுப்பே சுற்றி நின்றிருக்க வேண்டும்.

"வந்துடுச்சி நைனா."

"எந்தத் தலைப்புல குடுத்திருக்காங்க? கருணையா?"

"இல்ல. அபராதம் கிடையாது. எல்லா நாளும் கல்லூரிப் பணின்னு போட்டிருக்காங்க. காரணம்னு ஒரு கட்டம் இருக்குது, அதுல சமையல்னு எழுதியிருக்குது."

நான் இன்னொரு முறை படிக்கச் சொன்னேன். படித்தாள். பக்கத்தில் நின்றிருந்த என் மனைவி போனைப் பிடுங்கி, தனக்கு ஒருமுறை படிக்கச் சொன்னாள். புரட்டாசியில் ஆரம்பித்த விவகாரம் முடிந்த அன்று பங்குனி மூன்றாம் தேதி.